ரஷ்ய மொழியில் வீம்பை அளக்க எந்த வினாத்தாள்?

2021 ஜனவரியில், மாஸ்கோ செஞ்சதுக்கத்தை ஒட்டிய கூம் பேரங்காடிக்குள் கோவிட் தடுப்பூசி மையம் ஒன்றைத் திறந்தார்கள். ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு ஐஸ்கிரீம் இலவசம். ஸ்புட்னிக் வி தடுப்பூசியை ரஷ்யா 2020 ஆகஸ்ட் 11 அன்றே, உலகில் வேறெவரும் பதிவு செய்யும் முன்பே, பதிவு செய்துவிட்டது. ஊசி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் நிறையப் பேர் போட்டுக்கொள்ள முன்வரவில்லை. 2021 ஜூனில் மாஸ்கோ நகர நிர்வாகம், சேவைத் துறை ஊழியர்களில் குறைந்தது 60 சதவீதம் பேர் ஊசி போட்டாக வேண்டும் என்று உத்தரவே போட்டது.

அப்படித் தயங்கி நின்றவர்களில் பக்கவிளைவுக்குப் பயந்தவர் யார்? அரசு சொல்வதை நம்பாதவர் யார்? 'நீ சொல்லி நான் ஏன் செய்ய வேண்டும்' என்று முறுக்கிக்கொண்டவர் யார்? மூன்று பேரும் வெளியே ஒரே மாதிரிதான் தெரிவார்கள். ஆனால் முதலாமவருக்குத் தகவல் கொடுத்தால் போதும், இரண்டாமவருக்கு நம்பகமான ஓர் ஆள் வேண்டும், மூன்றாமவரிடம் உத்தரவு போட்டால் காரியம் கெட்டே போகும். மூன்றாம் வகையைப் பிரித்தறிய வேண்டுமென்றால், ரஷ்ய மொழி பேசுகிறவர்களிடம் கொடுக்கக்கூடிய ஒழுங்கான வினாத்தாள் வேண்டும். ஏற்கெனவே வேறு மொழியில் இருக்கும் எந்த வினாத்தாளை எடுத்து ரஷ்ய மொழிக்கேற்பத் தழுவுவது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

அந்த மூன்றாம் வகைக்கு உளவியலில் ரியாக்டன்ஸ் என்று பெயர். இங்கே எதிர்ப்புணர்வு என்று சொல்லிக்கொள்வோம். 1966இல் அமெரிக்க உளவியலாளர் ஜாக் பிரெம் முன்வைத்த கோட்பாடு இது. தனக்கு இருப்பதாக ஒருவர் நினைக்கும் சுதந்திரம் பறிபோகிறது, அல்லது பறிபோகப் போகிறது என்று தோன்றினால், அதை மீட்டுக்கொள்ளும் உந்துதல் அவருக்குள் கிளம்பும். தடுத்த பொருள் திடீரென்று உயர்வாகத் தெரியும், தடுத்தவர் மேல் கோபம் வரும், சொன்னதற்கு நேரெதிராகச் செய்யத் தோன்றும். 1970களில் மயாமியில் பாஸ்பேட் கலந்த சலவைத்தூளைத் தடை செய்தபோது, தடை இல்லாத டம்பா நகரத்துப் பெண்களைவிட மயாமிப் பெண்கள் அந்தத் தூளுக்கு அதிக மதிப்பெண் கொடுத்தார்கள். ரஷ்யர்களுக்கு இந்தக் குணம் புதிதில்லை. 'நஸ்லோ மாமே அத்மரோஜு ஊஷி' என்று அங்கே ஒரு வழக்கு உண்டு: அம்மாவைக் கடுப்பேற்றவே என் காதைப் பனியில் உறைய வைப்பேன். தன் மூக்கு அறுந்தாலும் எதிரிக்குச் சகுனத் தடை என்று நாம் சொல்வதற்குப் பக்கத்து வீடு.

ஆகவே இந்தக் குணம் ரஷ்யர்களிடம் உண்டா என்று ஆராயத் தேவையில்லை. ஆனால் அதை எண்ணாக்குவது வேறு வேலை.

கருவியைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். நாம் அளக்க நினைப்பது குணத்தையா, அந்த நேரத்து நிலையையா? சிலர் எதற்கெடுத்தாலும் முரண்டு பிடிப்பார்கள், அது குணம். சாதாரணமாக அனுசரித்துப் போகிறவர்கூட ஒரு குறிப்பிட்ட சுவரொட்டியைப் பார்த்தோ அதிகாரி பேசிய தொனியைக் கேட்டோ கொதித்துப் போகலாம், அது நிலை. கிடைக்கும் வினாத்தாள்கள் இந்த இரண்டு பக்கமாகத்தான் பிரிந்து கிடக்கின்றன. இதை முடிவு செய்யாமல், 'அதிகம் பேர் பயன்படுத்தியது எது' என்று தேடி எடுத்துவிட்டு, பிறகு அதைத் தன் ஆய்வுக்குள் திணிக்கிறவர்கள் நிறைய. எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு. ஏனென்றால் ஒரு மொழியில் ஒரு கருவி ஒருமுறை அச்சேறிவிட்டால், அடுத்த இருபது வருட ஆய்வுகள் அதன் மேல்தான் நிற்கும்.

குணத்தை அளக்க மூன்று கருவிகள் முக்கியமானவை.

காலத்தால் மூத்தது ஜெர்மானியரான மெர்ஸ் 1983இல் வெளியிட்ட 18 கூற்றுகள் கொண்ட வினாத்தாள். வரலாற்றில் அதற்கு இடம் உண்டு. பின்னால் வந்த ஹாங்கின் அளவுகோல் அதிலிருந்துதான் கிளைத்தது. ஆனால் அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனபோது ஜெர்மன் மூலத்தில் சொன்ன காரணி அமைப்பு, அதாவது எந்தக் கூற்றுகள் ஒன்றுசேர்ந்து ஒரே உள்கூறை அளக்கின்றன என்ற பிரிவு, கைகூடவில்லை. ஒரு மொழி தாண்டும்போதே ஆட்டம் கண்ட கருவியை இன்னொரு மொழிக்குக் கொண்டுபோவதில் எனக்கு உடன்பாடில்லை. அதை விட்டுவிடலாம்.

இரண்டாவது, டௌட், மில்னே, வைஸ் மூவரும் 1991இல் அமெரிக்காவில் வெளியிட்ட சிகிச்சை எதிர்ப்புணர்வு அளவுகோல். 28 கூற்றுகள், நான்கு படி விடைகள், நடத்தை என்றும் பேச்சு என்றும் இரண்டு துணை அளவுகோல்கள். ஆலோசனைக்கு வருகிறவர்களில் யார் ஆலோசகர் சொல்வதை எதிர்க்கக்கூடும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள உருவாக்கியது. இதில் நல்ல அம்சம் ஒன்று உண்டு: சில கூற்றுகள் எதிர்த்திசையில் எழுதப்பட்டவை. 'மற்றவர்கள் என்ன செய்யச் சொன்னாலும் எனக்குப் பிரச்சினை இல்லை' என்ற ரகம். எல்லாவற்றுக்கும் 'ஆமாம்' போட்டுக்கொண்டே போகிறவரை அது காட்டிக்கொடுக்கும்.

ஆனால் இதை ரஷ்ய வாசகர் கையில் கொடுத்துப் பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். உணவகத்தில் ஆறிப்போன உணவு வந்தால் அதைத் தெரியப்படுத்துவேன் என்று ஒரு கூற்று வரும். அமெரிக்காவில் அது வாடிக்கையாளர் தன் உரிமையைக் கேட்பது. சோவியத் கடைகளிலும் உணவகங்களிலும் புகார், ஆலோசனைப் புத்தகம் என்று ஒன்று அதிகாரபூர்வமாகவே வைத்திருந்தார்கள். அதைக் கேட்டு வாங்கி எழுதுவது ஒரு தனிப் பண்பாடு. அந்தத் தலைமுறைக்கு இந்தக் கேள்வி ஒரு பொருள் தரும், கைப்பேசியில் உணவு வரவழைத்து ஐந்து நட்சத்திரத்தில் ஒன்றைக் குறைத்துவிட்டுப் போகிற இருபது வயதுக்காரருக்கு வேறு பொருள் தரும். இரண்டிலும் எதிர்ப்புணர்வு எவ்வளவு இருக்கிறது என்று எனக்குச் சந்தேகம்தான். துணிச்சலும் தன்னுரிமையைக் கேட்கும் பழக்கமும்தான் அதில் அதிகம்.

அதைவிடப் பெரிய சிக்கல், அதிகாரத்தில் இருப்பவர்களைப் பற்றிய கூற்றுகள். அதிகாரிகள் உத்தரவிட்டால் வெறுப்பு வருகிறது, அதிகாரத்தைக் கேள்வி கேட்கத் தோன்றுகிறது என்ற வகைக் கூற்றுகள் இந்த அளவுகோலில் உண்டு. 2022 மார்ச் 4 அன்று இராணுவத்தை இழிவுபடுத்துவதைத் தண்டிக்கும் சட்டம் கையெழுத்தானதற்குப் பிறகு, ரஷ்யாவுக்குள் இருந்து இணையப் படிவம் நிரப்புகிற ஒருவர் அந்த இடத்தில் ஒரு கணம் நிற்பார். இதை யார் படிப்பார்கள் என்று யோசிப்பார். அவர் அப்புறம் போடும் எண்ணில் குணம் பாதி, ஜாக்கிரதை பாதி. இரண்டையும் பிரிக்க எந்தப் புள்ளியியலும் உதவாது. போதாக்குறைக்கு, சொல்லப்பட்ட இரண்டு துணை அளவுகோல்களும் பின்னர் நடந்த பகுப்பாய்வுகளில் அப்படியே நிற்கவில்லை. சிகிச்சை அறையில் மட்டும் பயன்படுத்தப் போகிறவர், நோயாளியின் நம்பிக்கையைப் பெற்ற பிறகு நேரில் கொடுக்கப் போகிறவர் என்றால் இதை யோசிக்கலாம். பொதுமக்கள் ஆய்வுக்கு வேண்டாம்.

மூன்றாவது, ஹாங்கின் அளவுகோல். ஆஸ்திரேலியாவில் ஹாங்கும் பேஜும் 1989இல் 14 கூற்றுகளோடு வெளியிட்டார்கள். 1996இல் ஹாங்கும் ஃபைட்டாவும் சேர்ந்து மூன்றைக் கழித்து 11 ஆக்கினார்கள். ஐந்து படி விடை. ஐந்து நிமிடம்கூட ஆகாது. கூற்றுகள் பெரும்பாலும் பொதுவானவை: விதிமுறைகள் எனக்குள் எதிர்ப்பைக் கிளப்புகின்றன, ஒன்றைத் தடுத்தால் அதையே செய்யப் போகிறேன் என்று நினைப்பேன், அறிவுரையைத் தலையீடாகக் கருதுகிறேன், இன்னொருவரை எனக்கு முன்மாதிரியாகக் காட்டினால் கோபம் வருகிறது. உணவகமும் இல்லை, காவல்துறையும் இல்லை, குறிப்பிட்ட நாட்டின் வாழ்க்கைமுறையும் இல்லை. வேறு நாட்டுக்குக் கொண்டுபோக இது பெரிய வசதி. ஸ்பானிஷ் உட்படப் பல மொழிகளுக்கு இதைக் கொண்டுபோயிருப்பதால் ஒப்பிட்டுப் பார்க்கவும் தரவு கிடைக்கும்.

முன்மாதிரிக் கூற்றை மட்டும் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். பிள்ளைகளுக்கு முன்னால் இன்னொரு பிள்ளையைக் காட்டி 'அவனைப் பார்' என்று சொல்வது சோவியத் பள்ளியிலும் வீட்டிலும் அன்றாட வழக்கம். ரஷ்ய மொழியில் அதற்கென்றே தயாராக ஒரு சொற்றொடர் இருக்கிறது, ஒருவரை 'உதாரணமாக நிறுத்துவது' என்று. ஆங்கில மூலத்தில் சற்று விறைப்பாக ஒலிக்கும் இந்தக் கூற்று, ரஷ்யாவில் பள்ளி வராந்தாவின் வாசனையோடு வந்து இறங்கும். அதனால் இதற்கு வரும் ஒப்புதல் மூல நாட்டைவிட அதிகமாக இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன். அப்படி வந்தால், ரஷ்யர்களுக்கு எதிர்ப்புணர்வு அதிகம் என்று யாரும் எழுதிவிடக் கூடாது. அந்த ஒரு கூற்று அங்கே எளிதாக ஒத்துக்கொள்ளக்கூடியதாக இருக்கிறது, அவ்வளவுதான். இரு நாட்டு மொத்த மதிப்பெண்களை ஒப்பிடும் முன், ஒவ்வொரு கூற்றின் தொடக்க மட்டமும் (ஒரே அளவு எதிர்ப்புணர்வு உள்ளவர் அதற்குத் தரும் ஒப்புதல்) இரண்டு இடத்திலும் ஒன்றா என்று சோதிப்பது இதனால்தான்.

ஹாங்கின் அளவுகோலில் குறையே இல்லையா என்றால், இரண்டு பெரிய குறைகள் இருக்கின்றன.

முதல் குறை, இதற்குள் எத்தனை காரணிகள் என்பதில் முப்பது வருடமாக வழக்கு தீரவில்லை. மூலத்தில் நான்கு: தேர்வு மட்டுப்படும்போது வரும் உணர்ச்சி, பணிந்து போவதற்கு எதிர்ப்பு, பிறர் செல்வாக்கை எதிர்த்தல், அறிவுரைக்கு எதிர்ப்பு. 2005இல் ஷென்னும் டில்லர்டும் அந்த நான்குக்கும் மேலே ஒரு பொதுக் காரணி இருக்கிறது, ஆகவே மொத்தமாகக் கூட்டலாம் என்று காட்டினார்கள். அடுத்த வருடமே ஜொனாசனும் நோல்ஸும் ஒரே பரிமாணம் போதும் என்றார்கள். 2011இல் பிரவுன், ஃபின்னி, ஃபிரான்ஸ் மூவரும் பொதுக் காரணி ஒன்று, அதோடு தனித்தனிக் குறுங்காரணிகள் என்ற அமைப்பை முன்வைத்தார்கள். 11 கூற்றுகளை நான்காகப் பங்கிட்டால் ஒரு காரணிக்கு இரண்டு, மூன்று கூற்றுகள்தான் தேறும். அறிவுரைக் காரணிக்கு இரண்டே இரண்டு. இரண்டு கூற்றை வைத்து ஒரு மனிதரைப் பற்றி எதையும் சொல்ல நான் துணிய மாட்டேன். ரஷ்யப் பதிப்பில் துணை மதிப்பெண்களை வெளியிடவே வேண்டாம், மொத்த மதிப்பெண் மட்டும் போதும் என்பது என் கருத்து.

இரண்டாவது குறை, எல்லாக் கூற்றுகளும் ஒரே திசையில் போகின்றன. எதிர்த்திசைக் கூற்று ஒன்றுகூட இல்லை. ஆமாம் போடும் பழக்கம் உள்ளவருக்கு மதிப்பெண் தானாக ஏறும். இதற்காகப் புதிதாக எதிர்மறைக் கூற்றுகளை எழுதிச் சேர்ப்பது ஆபத்து. ரஷ்ய மொழியில் இரட்டை எதிர்மறை இயல்பான இலக்கணம் என்பதால், 'இல்லை' போட்ட கூற்றுக்கு 'ஒத்துக்கொள்ளவில்லை' என்று பதில் சொல்லும்போது படிக்கிறவர் தடுமாறுவார். அதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. பெரும் ஐந்து குணங்களை அளக்கும் பி.எஃப்.ஐ-2 வினாத்தாளின் ரஷ்யப் பதிப்பை ஷெபெதென்கோவும் சகாக்களும் 2020இல் வெளியிட்டிருக்கிறார்கள். அதில் நேர்த்திசைக் கூற்றுகளும் எதிர்த்திசைக் கூற்றுகளும் சரிசமமாக இருக்கும். அதையும் கூடவே கொடுத்தால், ஒருவர் உள்ளடக்கம் பாராமல் எவ்வளவு ஆமாம் போடுகிறார் என்று அங்கிருந்து கணக்கிட்டு, ஹாங் மதிப்பெண்ணில் அதைக் கழித்துக்கொள்ளலாம். அந்த ஐந்தில் ஒன்றான இணக்கக் குணத்தோடு எதிர்ப்புணர்வு எதிர்மறையாகத் தொடர்பு காட்டுகிறதா என்ற ஏற்புடைமைச் சோதனையும் (நினைத்ததைத்தான் அளக்கிறோமா என்று பார்ப்பது) அதே தாளில் முடிந்துவிடும்.

நிலையை அளக்கும் கருவிகள்

ஆய்வு ஒரு விளம்பரத்தையோ எச்சரிக்கை வாசகத்தையோ பற்றியது என்றால் மேலே சொன்ன மூன்றுமே தப்பான தேர்வு. சிகரெட் அட்டையில் 'புகைக்காதே' என்று போடுவதும் 'முடிவு உங்களுடையது' என்று முடிப்பதும் எப்படி வேறு வேறாக வேலை செய்கின்றன என்று பார்க்க, அந்த வாசகத்தைப் படித்த கையோடு மனநிலையை அளக்க வேண்டும். 2013இல் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்து, 2014 ஜூன் முதல் காபிக்கடைகள் வரை புகைப்பதை நிறுத்திய ரஷ்யாவில் இந்தக் கேள்விக்கு நடைமுறை மதிப்பு அதிகம்.

இங்கே டில்லர்ட், ஷென் இருவரும் 2005இல் கொடுத்த வழி இன்றும் வலுவாக நிற்கிறது. கோபமும் எதிர்மறை எண்ணங்களும் பின்னிப் பிணைந்ததுதான் எதிர்ப்புணர்வு என்பது அவர்கள் வாதம். கோபத்துக்கு நான்கு உணர்ச்சிச் சொற்கள், சுதந்திரத்துக்கு அச்சுறுத்தல் என்று உணர்ந்ததா என்பதற்கு நான்கு கூற்றுகள், அப்புறம் மனதில் ஓடியதை அவர்களையே எழுதச் சொல்லி அதை ஆராய்ச்சியாளர்கள் வகைப்படுத்துவது. 2013இல் ரெயின்ஸ் பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துச் செய்த தொகுப்பாய்வும் இந்த மாதிரியை ஆதரித்தது. சிரமம் கடைசிப் பகுதியில்தான்: எழுதியதை வகைப்படுத்த இரண்டு பேராவது வேண்டும், அவர்களுக்குள் ஒத்துப்போகிறதா என்றும் பார்க்க வேண்டும், ஆயிரம் பேர் எழுதினால் மாதக்கணக்கில் ஆகும். அதற்கு ஆளில்லாதவர்களுக்கு 2015இல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் குழு வெளியிட்ட 10 கூற்று நிலை அளவுகோல் இருக்கிறது. உணர்ச்சி, ஆக்ரோஷ எண்ணம், எதிர்மறை மதிப்பீடு மூன்றையும் கட்டங்களிலேயே கேட்டுவிடும்.

நான் எந்தக் குணக் கருவியை எடுத்தாலும், டில்லர்டின் நான்கு அச்சுறுத்தல் கூற்றுகளையும் கூடவே மொழிபெயர்த்து வைத்துக்கொள்வேன். குணத்தில் அதிக மதிப்பெண் எடுத்தவர் அதட்டலான வாசகத்தைப் படித்தால் மற்றவரைவிட அதிகம் கொதிக்க வேண்டும்; மென்மையான வாசகத்துக்கு அந்த வித்தியாசம் சுருங்க வேண்டும். எத்தனை தொடர்பு எண்களைப் பட்டியலிட்டாலும் இந்த ஒரு சோதனைக்கு ஈடாகாது.

புதிதாகவே எழுதினால் என்ன?

இந்த வாதத்தை நான் மதிக்கிறேன். யோனாசும் சகாக்களும் 2009இல் காட்டியபடி, தனிமனித உணர்வு மிகுந்தவர்கள் தம் சொந்தச் சுதந்திரம் தொடப்படும்போது கொதிக்கிறார்கள். கூட்டுணர்வு மிகுந்தவர்கள் தம் கூட்டத்தின் சுதந்திரம் தொடப்படும்போது கொதிக்கிறார்கள். ஹாங்கின் கூற்றுகள் முழுக்க 'நான்', 'என்', 'எனக்கு'. 'நம்மவர்களை எவனாவது அடக்கப் பார்த்தால்' என்ற வகைக்கு அதில் இடமே இல்லை. ரஷ்ய மொழி பேசும் பலருக்கு அந்த வகைதான் சூடானது.

ஆனால் புதிய கருவிக்கு நேர்காணல்கள், நூற்றுக்கு மேல் வரைவுக் கூற்றுகள், குறைந்தது மூன்று தனித்தனி மாதிரிகள் வேண்டும். முடித்த பிறகும் உலகத்தில் வேறெந்தத் தரவோடும் ஒப்பிட முடியாது. ரஷ்ய உளவியல் சோதனைத் துறையின் வரலாறும் இதில் கொஞ்சம் பேசுகிறது. 1936 ஜூலை 4 அன்று கட்சியின் மத்தியக் குழு பெடாலஜி என்ற குழந்தையியலைக் கண்டித்துத் தீர்மானம் போட்டதோடு பள்ளிகளில் உளவியல் சோதனைகள் நின்றுபோயின. பல பத்தாண்டுகள் அந்தத் துறையே முடங்கிக் கிடந்தது. மீண்டும் எழுந்தபோது வெளிநாட்டுக் கருவிகளைத் தழுவுவதே முக்கிய வழியானது. 1976இல் யூரி ஹானின் ஸ்பீல்பெர்கரின் பதற்ற அளவுகோலைத் தழுவினார். 1984இல் பஜின், கலின்கினா, எட்கிண்ட் மூவரும், வாழ்க்கை தன் கையில் இருப்பதாக நினைக்கிறோமா வெளியில் இருப்பதாக நினைக்கிறோமா என்ற ராட்டரின் சிந்தனையை எடுத்துக்கொண்டு, கூற்றுகளைத் தாங்களே எழுதிப் பாதி சொந்தக் கருவியாகவே ஆக்கினார்கள். அந்த மூவரின் வழி எனக்குப் பிடித்திருக்கிறது. ஹாங்கின் கூற்றுகளைத் தொடாமல் அப்படியே வைத்து, பின்னால் கூட்டுச் சுதந்திரம் பற்றி ஐந்தாறு கூற்றுகளைத் தனித் தொகுதியாகச் சேர்க்கலாம். அவை தனியாக நின்றால் பின்னாளில் தனி அளவுகோலாக வளரட்டும். நிற்காவிட்டால் இழப்பு ஒன்றுமில்லை.

சரி, மொழிபெயர்ப்பு.

இதற்கு இரண்டு பாதைகள். 1970இல் பிரிஸ்லின் பிரபலமாக்கியது, ரஷ்யத்துக்குப் போனதை இன்னொருவர் மூலத்தைப் பார்க்காமல் ஆங்கிலத்துக்குத் திருப்பி, இரண்டையும் ஒப்பிடும் முறை. பத்திரிகைகள் இன்னும் இதைக் கேட்கின்றன. இதில் ஏமாறுவது எளிது: சொல்லுக்குச் சொல் பெயர்த்த மோசமான ரஷ்யம்தான் அழகாக ஆங்கிலத்துக்குத் திரும்பும். இரண்டாவது, ஜேனட் ஹார்க்னஸ் வகுத்த குழுமுறை. இரண்டு பேர் தனித்தனியாக மொழிபெயர்த்து, துறையறிந்த மூன்றாமவரோடு உட்கார்ந்து கூற்றுக்குக் கூற்று வாதிட்டு, முடிவுகளை எழுதி வைத்து, முன்சோதனை செய்வது. ஐரோப்பிய சமூகக் கணக்கெடுப்பு இப்படித்தான் செய்கிறது. ரஷ்ய மொழிப் படிவங்கள் பல நாடுகளுக்குத் தேவைப்படுவதால் அந்த நாட்டுக் குழுக்கள் தங்களுக்குள் கலந்து பேசவும் வேண்டியிருக்கிறது. நான் குழுமுறைக்குத்தான் கை தூக்குவேன். பத்திரிகை கேட்டால் திருப்பி மொழிபெயர்ப்பதைக் கடைசியில் ஒருமுறை செய்து இணைத்துக்கொள்ளலாம்.

குழு முதலில் மோதப்போவது பால்விகுதியோடுதான். 'நான் எரிச்சலடைந்தேன்' என்பதை ரஷ்யத்தில் எழுதினால், இறந்தகால வினையும் குறும்பெயரடையும் ஆணா பெண்ணா என்று காட்டிக்கொடுக்கும். அடைப்புக்குள் பெண்பால் விகுதியைப் போடுவது பழைய வழி. பதினொரு வரியிலும் அப்படிப் போட்டால் அரசு விண்ணப்பம் போல ஆகிவிடும், பெண்களுக்குத் தாங்கள் பின்னிணைப்பு என்ற உணர்வும் வரும். நிகழ்காலத்தில் 'என் தேர்வைக் கட்டுப்படுத்துவது என்னைக் கோபப்படுத்துகிறது' என்ற அமைப்புக்கு மாறினால் பிரச்சினை தீரும், ரஷ்யத்தில் அது இயல்பாகவும் ஒலிக்கும். எழுவாய் 'நான்' என்பதிலிருந்து 'அது' என்று நகர்கிறது என்பது உண்மை. அதனால் அர்த்தம் நகர்கிறதா என்று பத்துப் பதினைந்து பேரிடம் வாய்விட்டு யோசிக்கச் சொல்லிக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

விடைப் படிகளிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ரஷ்யப் பள்ளியில் ஐந்து என்றால் மிகச் சிறப்பு, இரண்டு என்றால் தோல்வி, ஒன்று கிட்டத்தட்ட யாரும் போடாத மதிப்பெண். 1 முதல் 5 வரை எண்களை மட்டும் அச்சிட்டுக் கொடுத்தால் அந்தப் பள்ளிப் பழக்கம் கூடவே வரும். எண்களை எடுத்துவிட்டு ஐந்து படிகளையும் சொற்களால் எழுதிவிடுவதே நல்லது.

யாரிடம் சோதிப்பது? மாணவர்களிடம் மட்டும் சோதித்துவிட்டு நிறுத்தக் கூடாது. வயது ஏற ஏற எதிர்ப்புணர்வு குறைகிறது என்று ஹாங்கும் சகாக்களும் 1994லேயே காட்டியிருக்கிறார்கள். சோவியத் பள்ளியில் படித்தவருக்கும் அதற்குப் பின் படித்தவருக்கும் 'விதி' என்ற சொல்லே வேறு மாதிரி ஒலிக்கும். 'ரஷ்ய மொழி பேசுகிறவர்களுக்கு' என்று தலைப்பில் போட ஆசைப்பட்டால், கஜகஸ்தானின் அல்மாட்டியில் இருப்பவரும் லாத்வியாவின் ரீகாவில் இருப்பவரும் இஸ்ரேலின் ஹைஃபாவில் இருப்பவரும் அதில் அடங்குவார்கள். லாத்வியாவில் மொழிச் சட்டங்களோடு வாழும் ரஷ்ய மொழிக்காரர் 'விதிமுறைகள் எதிர்ப்பைக் கிளப்புகின்றன' என்ற வரியைப் படிக்கும்போது அவர் மனதில் வருவது போக்குவரத்து விதியாக இருக்காது. நாட்டுக்கு முன்னூறு பேராவது இருந்து, கூற்றுகள் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வேலை செய்கின்றன என்று காட்டாமல், அந்தத் தலைப்பைப் போடக் கூடாது. அவ்வளவு வசதி இல்லையா, 'ரஷ்யாவில் வாழும் பெரியவர்களுக்கு' என்று நேர்மையாக எழுதிவிடலாம்.

ஒரு எச்சரிக்கை மட்டும் மிச்சம் இருக்கிறது. வெளியில் தெரியும் நடத்தையை வைத்து இந்த அளவுகோலின் ஏற்புடைமையை நிரூபிக்க முயன்றால் கவனம் தேவை. 1985 மேயில் கோர்பசோவ் மது எதிர்ப்பு இயக்கத்தைத் தொடங்கியபோது வீடுகளில் சமகோன் என்ற நாட்டுச் சாராயம் காய்ச்சுவது பெருகி, கடைகளில் சர்க்கரை கிடைக்காமல் போனது. அது எதிர்ப்புணர்வா, வெறும் குடிப்பழக்கமா? காய்ச்சியவரைக் கேட்டிருந்தால் இரண்டாவதைத்தான் பலர் சொல்லியிருப்பார்கள். தடையை மீறுகிற எல்லாரும் வீம்புக்காரர்கள் இல்லை. அதனால் பஸ், பெர்ரி இருவரின் ஆக்ரோஷ வினாத்தாளுக்கு இனிகலோபவும் சிபுல்ஸ்கியும் 2007இல் வெளியிட்ட ரஷ்யப் பதிப்பையும் கூடவே கொடுக்க வேண்டும். ஹாங் மதிப்பெண் அதன் கோப மதிப்பெண்ணோடு கிட்டத்தட்ட ஒன்றாகவே போனால், நாம் அளந்தது வெறும் கோபத்தை. மிதமான தொடர்பு வந்தால்தான் இது தனிக்கருவி.

ஆக என் தேர்வு இது. பொதுமக்களிடம் குணத்தை அளக்க ஹாங்கின் அளவுகோல். களத்துக்கு 14 கூற்றுகளையும் கொண்டுபோய், ரஷ்யத் தரவே 11ஐத் தேர்ந்தெடுக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்வது. ஒரே மொத்த மதிப்பெண். குழுமுறை மொழிபெயர்ப்பு. பி.எஃப்.ஐ-2, ஆக்ரோஷ வினாத்தாள், டில்லர்டின் நான்கு கூற்றுகள், கூட்டுச் சுதந்திரத் தொகுதி நான்கும் கூடவே. ஒரு மாதம் கழித்து நூறு பேரிடம் மறுபடி கொடுத்து மதிப்பெண் நிலைக்கிறதா என்று பார்ப்பது. வாசகங்களை ஒப்பிடும் ஆய்வு மட்டும் என்றால் குணக் கருவியை விட்டுவிட்டு நேரே நிலைக் கருவிக்குப் போகலாம். வேலையைத் தொடங்கும் முன் ஈலைப்ரரி, சைபர்லெனின்கா என்ற ரஷ்ய ஆய்வுக்கட்டுரை இணையக் களஞ்சியங்கள் இரண்டிலும் ரஷ்ய மொழியில் தேடிப் பார்த்து, யாராவது ஏற்கெனவே தழுவியிருந்தால் அவர்களுக்கே எழுதிக் கேட்பது நல்லது; அவர்களுடைய பதிப்பைப் புதிய மாதிரியில் சோதித்துப் பார்ப்பது, இன்னொரு போட்டிப் பதிப்பை உருவாக்குவதைவிடப் பெரிய உதவி. மூலக் கருவியின் உரிமையாளரிடம் அனுமதி வாங்குவது சர்வதேசச் சோதனை ஆணையம் 2017இல் வெளியிட்ட 18 நெறிமுறைகளில் முதலாவதாகவே இருக்கிறது. அந்தக் கடிதத்தை மொழிபெயர்ப்பாளரைத் தேடும் முன்பே அனுப்பிவிட வேண்டும்.